விரல் நுனியா, உள்ளங்கைத் தோலா?

அம்மாவுக்குக் குடல் புற்று ஆபரேஷன் முடிந்திருந்தது, அடுத்தது கீமோ. டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கோடு போட்டார். முதல் கோட்டின் மேல் ‘மாத்திரை மட்டும், 6 மாதம்’ என்று எழுதினார். அடுத்ததில் ‘ஊசி, மாத்திரை, 3 மாதம்’. மூன்றாவதில் ‘ஊசி, பம்ப், 6 மாதம்’. தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, “வீட்டுல பேசிட்டு வாங்க, ரெண்டு வாரம் அவகாசம் இருக்கு” என்றார்.

அண்ணன் உடனே கேட்டான்: “இதுல எது சார் ஸ்ட்ராங்கு?”

அம்மா கேட்டது வேறு. “இதுல எதுக்குங்கய்யா வெரலு மரத்துப்போகும்?”

அம்மாவுக்கு 64 வயது. திருப்பரங்குன்றம் கோயில் பக்கம் பூக்கட்டி விற்கிறவள். நாற்பது வருஷமாக அதுதான் தொழில். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருந்து விடியற்காலையில் உதிரி மல்லி வந்து சேரும். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் சரம் நீண்டுகொண்டே போகும். கண் டி.வி. சீரியலில் இருக்கும், கை அதுபாட்டுக்குக் கட்டிக்கொண்டிருக்கும். மொட்டு கோணலாக உட்கார்ந்தாலும் நார் தளர்ந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும், பார்க்கவே வேண்டாம். அப்படிப்பட்டவள் வேறு எதைக் கேட்பாள்?

அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறவள். டி.என்.ஏ. ஏணியைப் போர்டில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. அதை உடைக்கிற மருந்து வீட்டுக்குள் வரும்போது அந்தப் படம் மட்டும் பற்றாது என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒப்பீடு முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. பெருங்குடலின் வலது பக்கம் கட்டி. மாசி மாதம் ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் டி3 (கட்டி குடல் சுவரின் தசையைத் தாண்டியிருக்கிறது) என்றும், எடுத்துப் பார்த்த 14 நெறிக்கட்டிகளில் 2-ல் புற்று இருக்கிறது என்றும் வந்தது. (குறைந்தது 12 நெறிக்கட்டியாவது பார்த்திருக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த எண்ணைத் தேடுங்கள்.) நெறிக்கட்டிக்குப் போய்விட்டால் அது மூன்றாம் நிலை. ஸ்கேனில் வேறெங்கும் எதுவும் இல்லை. அதாவது கண்ணுக்குத் தெரிகிற புற்று உடம்பில் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது நாலு செல் ஒளிந்திருந்தால் அவற்றைக் கொல்லத்தான் இந்தக் கீமோ. இல்லாத எதிரியோடு சண்டை போடுகிற மாதிரி இருப்பதால்தான் ‘எவ்வளவு விலை கொடுக்கலாம்’ என்ற கேள்வி இவ்வளவு கூர்மையாக வருகிறது.

மூன்று வழிகளிலும் புற்றைக் கொல்கிற மருந்து இரண்டேதான். ஒன்று ஆக்சாலிபிளாட்டின், அதுதான் அந்த ‘ஊசி’. மற்றது 5-எஃப்.யூ. அதையே பம்ப் வழியாக இரத்தக்குழாயில் ஏற்றலாம், இல்லையென்றால் கேப்சிடபின் என்ற மாத்திரையாக விழுங்கலாம். மாத்திரை ஈரலில் கொஞ்சம், கடைசியில் திசுக்களுக்குள் கொஞ்சம் என்று படிப்படியாக மாறி 5-எஃப்.யூ.வாகத்தான் முடிகிறது. ஊசியும் மாத்திரையும் சேர்ந்தால் கேப்பாக்ஸ். ஊசியும் பம்பும் சேர்ந்தால் ஃபால்ஃபாக்ஸ்.

இரண்டும் டி.என்.ஏ.வைத்தான் தாக்குகின்றன, ஆனால் தாக்குகிற விதம் வேறு. அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் அவள் மடியில் கிடந்த சரத்தை எடுத்துத்தான் சொன்னேன்.

ஆக்சாலிபிளாட்டின் மூலக்கூறின் நடுவில் ஒரு பிளாட்டினம் அணு, நகைக்கடையில் விற்கிற அதே உலோகம். 1976-ல் ஜப்பானில் நகோயா நகரப் பல்கலைக்கழகத்தில் யோஷினோரி கிடானி உருவாக்கியது. அந்த அணுவின் ஒரு பக்கம் ஒரு வளையம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுபக்கம் ஆக்சலேட் என்ற துண்டு. உடம்புக்குள் போனதும் இது கழன்றுவிடுகிறது. கழன்றதும் பிளாட்டினத்துக்கு இரண்டு கை காலி. அந்தக் கைகள் டி.என்.ஏ.வில் குவானின் என்ற எழுத்தைப் பார்த்தால் விடாது. பெரும்பாலும் ஒரே இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு குவானினை ஒரு கைக்கு ஒன்றாகப் பிடித்துக் கட்டிவிடும். சரத்தில் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு மொட்டை யாரோ தனி நார் போட்டு இறுக்கி முடிந்த மாதிரி. சரம் அந்த இடத்தில் மடங்கிவிடும். செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதற்கு முன் டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுத்தாக வேண்டும். நகல் எடுக்கிற இயந்திரம் வழுக்கிக்கொண்டு வந்து அந்த முடிச்சில் முட்டி நிற்கும். பழுதுபார்க்கும் புரதங்கள் வந்து அறுத்துச் சரிசெய்யப் பார்க்கும். முடிச்சு ஒன்றிரண்டு என்றால் சமாளித்துவிடும். நூற்றுக்கணக்கில் இருந்தால், ஒன்று அந்தச் செல் தானே தன்னை முடித்துக்கொள்ளும். இல்லையென்றால் உடைந்த குரோமோசோமோடு பிரியப் போய் நடுவழியில் சாகும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்த முடிச்சுக் கதைதான் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பொய்யுமில்லை. ஆனால் 2017-ல் வந்த ஒரு ஆய்வு, ஆக்சாலிபிளாட்டின், பிளாட்டினத்திலேயே முன்பு வந்த அதன் அண்ணன் சிஸ்பிளாட்டின் மாதிரி முழுக்க டி.என்.ஏ. சேதத்தால் கொல்வதில்லை, செல்லுக்குள் ரைபோசோம் தயாராகிற வேலையைக் கெடுத்தும் கொல்கிறது என்று காட்டியது. புரதம் செய்கிற பட்டறையையே இழுத்து மூடுகிற மாதிரி. சிஸ்பிளாட்டின் குடல் புற்றில் பெரிதாக எடுபடாமல் போனபோது இது எடுபட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் “அப்ப பரீட்சைக்கு எதை எழுதுறது மிஸ்” என்பார்கள். முடிச்சையே எழுதுங்கள்.

5-எஃப்.யூ. இன்னும் தந்திரமானது, வயதிலும் மூத்தது. 1957-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹைடல்பெர்கர் கொண்டுவந்தார். எலியின் ஈரல் கட்டிகள் யுராசில் என்ற பொருளைச் சாதாரணத் திசுவைவிட அதிகமாக இழுத்துக்கொள்கின்றன என்று அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். சரி, அந்த யுராசிலில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃபுளோரினை வைத்துக் கொடுத்தால்?

யுராசிலுக்கும், டி.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான தைமினுக்கும் வித்தியாசம் ஒரு சின்ன மெத்தில் கொசுறுதான். மல்லிக்கும் முல்லைக்கும் உள்ள அளவு. மதுரைக்காரருக்கு அந்த வித்தியாசம் கண்ணை மூடினாலும் தெரியும், செல்லுக்கும் தெரியும். டி.என்.ஏ.வில் தைமின்தான் இருக்க வேண்டும், யுராசில் இருக்கக் கூடாது. யுராசிலில் அந்தக் கொசுறை ஒட்டித் தைமினாக்குகிற நொதி ஒன்று இருக்கிறது. 5-எஃப்.யூ. போய் அந்த நொதியின் வாயில் மாட்டிக்கொள்கிறது. ஃபுளோரின் இருப்பதால் நொதியால் விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. தைமின் வரத்து நின்றுபோகிறது. மார்க்கெட்டில் மல்லி வரவில்லை, முல்லைதான் குவிந்துகிடக்கிறது. நகல் எடுக்கிற இயந்திரம் வேறு வழியில்லாமல் முல்லையை வைத்துக் கட்டிவிடுகிறது. பின்னாலேயே ஒரு சோதிக்கிற நொதி வந்து, “இது முல்லை” என்று வெட்டி எடுக்கிறது. அந்தக் காலியிடத்தை நிரப்ப மறுபடி முல்லைதான் இருக்கிறது. வைக்க, வெட்ட, வைக்க, வெட்ட, கடைசியில் நார் இற்று அறுந்துபோகிறது.

இதைக் கேட்டுவிட்டு அம்மா, “அப்ப கட்டுறவளே சரத்தக் கெடுத்துக்கிறா” என்றாள். உண்மையில் அதுதான் நடக்கிறது. பழுதுபார்க்கிற வேலையே அங்கே ஆயுதமாகிவிடுகிறது.

சரி, இப்போது விரலுக்கு வருவோம்.

5-எஃப்.யூ. யாரை அதிகம் அடிக்கும்? ஓயாமல் நகல் எடுத்துக்கொண்டிருக்கிற செல்களை. புற்று செல் போக, குடலின் உள்பூச்சு, வாயின் உள்தோல், எலும்பு மஜ்ஜை, அப்புறம் தோல். மாத்திரையாகப் போடும்போது உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, உரிகிற தொல்லை மிக அதிகம். கேப்சிடபினை மட்டும் கொடுத்த பெரிய ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு அளவில் வந்தது. ஆனால் உரிகிற தோல் என்பது திரும்ப முளைக்கிற தோல். மருந்தை ஒரு வாரம் நிறுத்தினால் அடியில் இருந்து புதுத்தோல் வந்துவிடும்.

ஆக்சாலிபிளாட்டின் விஷயம் அப்படியில்லை. விரல் நுனியில் இருந்து வருகிற உணர்வு நரம்புகளின் தாய்ச்செல்கள் முதுகுத்தண்டை ஒட்டிய சிறு முடிச்சுகளில் இருக்கின்றன. மூளையைக் காக்கிற மாதிரி அவற்றுக்கு இரத்தத்தில் இருந்து பலமான தடுப்பு கிடையாது. பிளாட்டினம் உள்ளே போய் அங்கேயும் அதே குவானின் முடிச்சைப் போடுகிறது. அந்தச் செல்கள் பிரிகிறவை அல்ல, அதனால் உடனே சாவதில்லை. ஆனால் ஒரு மீட்டர் நீள நரம்பை நடத்துகிற வேலையில் தடுமாறுகின்றன. செத்தால் அதற்குப் பதில் புதிது முளைக்காது. இன்னும் மோசம், சேதம் ஊசியோடு சேர்ந்து சேர்ந்து ஏறுகிறது. ஊசியை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் ஏறிக்கொண்டே போகும்.

ஆக, மூன்று வழியிலுமே அம்மாவின் கை அடிவாங்கும். அந்த அடி திரும்ப வளர்கிற இடத்தில் விழுகிறதா, வளராத இடத்தில் விழுகிறதா என்பதுதான் கணக்கு. ‘எது ஸ்ட்ராங்’ என்று அண்ணன் கேட்டதற்கு அந்தத் தாளில் பதில் இருக்கவில்லை. இதற்கு இருந்தது.

அண்ணனுக்குப் பிடித்தது மூன்றாவது வழி, ஆறு மாத ஃபால்ஃபாக்ஸ். பழையது, நன்றாகச் சோதிக்கப்பட்டது. 2004-ல் வெளியான மொசைக் ஆய்வில் 2,246 பேர். மூன்றாம் நிலைக்காரர்களில் 5-எஃப்.யூ. மட்டும் வாங்கியவர்கள் 100 பேரில் 65 பேர் மூன்று வருஷம் நோய் திரும்பாமல் இருந்தார்கள். ஆக்சாலிபிளாட்டின் சேர்த்தபோது 72 பேர். அந்த ஏழு பேரில் அம்மா ஒருத்தியாக இருந்தால்? அண்ணன் கேட்டது அதைத்தான், அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அதே ஆய்வில் சிகிச்சைக் காலத்தில் 12.4 சதவீதம் பேருக்குக் கடுமையான நரம்புப் பாதிப்பு, அதாவது சட்டைப் பித்தான் போடுவதே சிரமம் என்கிற அளவு. நாலு வருஷம் கழித்தும் 15 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது மரமரப்பு மிச்சம் இருந்தது. பெரும்பாலும் லேசானது என்று எழுதியிருந்தார்கள். லேசானது என்பது யாருடைய விரலுக்கு? ஆபீஸில் கையெழுத்துப் போடுகிறவருக்கு லேசாக இருப்பது, ராத்திரிக்குள் இருநூறு முழம் கட்ட வேண்டியவளுக்கு லேசாக இராது.

போதாததற்குக் காறை எலும்புக்குக் கீழே கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் புதைக்கிற சின்ன டப்பா) வைக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 46 மணி நேரம் பம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிய வேண்டும், மொத்தம் 12 தடவை. எங்கள் வீட்டில் குளியலறை வெளியே தனியாக இருக்கிறது. பம்போடு அங்கே போய்வருவதை நினைத்தாலே எனக்குக் கசந்தது. இந்த வழியை நான் அதிக நேரம் எடைபோடவில்லை. மாத்திரை விழுங்கவே முடியாதவர்களுக்கு, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு (கேப்சிடபினுக்குச் சிறுநீரகம் ஒத்துழைக்க வேண்டும்) இதுதான் நல்ல வழி. அம்மா அந்த இரண்டிலும் இல்லை.

முதல் வழி, மாத்திரை மட்டும். என் மனசு முதலில் போனது இங்கேதான். பிளாட்டினமே வேண்டாம், நரம்புத் தொல்லையே வேண்டாம். 2005-ல் வந்த ஆய்வில், பழைய முறையில் ஊசியாகப் போடுகிற 5-எஃப்.யூ.வுக்கு இந்த மாத்திரை எந்த விதத்திலும் குறைவில்லை என்று தெரிந்துவிட்டது. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பிளாட்டினம் சேர்ப்பதால் கிடைக்கிற லாபம் சந்தேகத்துக்குரியது என்பதால் பல டாக்டர்கள் அவர்களுக்கு இதையே எழுதுகிறார்கள். சர்க்கரை நோயால் ஏற்கெனவே கால் மரத்தவர்களுக்கும் அப்படித்தான். அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை, வயது 64. இருந்திருந்தால் நான் இங்கேயே நின்றிருப்பேன்.

மாத்திரைதானே, லேசு என்று நினைத்துவிடக் கூடாது. அம்மாவின் உயரம் 150 செ.மீ., எடை 52 கிலோ. உடல் பரப்பு ஏறக்குறைய 1.47 சதுர மீட்டர். மாத்திரை மட்டும் என்றால் புத்தகக் கணக்குப்படி சதுர மீட்டருக்கு 1,250 மி.கி., காலையும் இரவும், 14 நாள். பிறகு ஒரு வாரம் ஓய்வு. இப்படி எட்டு சைக்கிள். தினமும் காலையில் 500 மி.கி. மூன்றும் 150 மி.கி. இரண்டும், இரவில் அதே மாதிரி. ஆறு மாதத்தில் 1,120 மாத்திரை. ஊசியோடு சேரும்போது அளவு 1,000 மி.கி.யாகக் குறைகிறது, வேளைக்கு 500 மி.கி. மூன்று, நாலே சைக்கிள், மொத்தம் 336. காகிதத்தில் கூட்டிப் பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. உள்ளங்கைத் தோலுக்குக்கூட முதல் வழிதான் அதிகச் செலவு.

இன்னொரு விஷயம் மூன்று வழிக்கும் பொது. 5-எஃப்.யூ.வை உடம்பில் இருந்து கழிக்கிற டி.பி.டி. என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்குச் சாதாரண அளவே விஷமாகிவிடும். ஐரோப்பாவில் 2020-ல் இருந்து மருந்து தொடங்கும் முன்பே இதைச் சோதிக்கச் சொல்கிறார்கள். இங்கே எல்லாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள். வீட்டில் இருந்து மாத்திரை போடுகிறவருக்குப் பத்தாம் நாள் வயிற்றுப்போக்கு தொடங்கினால், “கோர்ஸ முடிச்சிருவோம்” என்று தொடரக் கூடாது, அன்றைக்கே நிறுத்திவிட்டுப் போன் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பார்த்துக்கொள்கிற வேலை மாத்திரையில் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது.

முதல் வழியை நான் விட்டதற்குக் காரணம் அந்த ஏழு பேர். மொசைக் ஒன்றில் மட்டும் வந்திருந்தால் தற்செயல் என்று சொல்லியிருப்பேன். மாத்திரையோடு ஆக்சாலிபிளாட்டினைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு ஆய்வு 2011-ல் வந்தது. அதில் மூன்று வருஷம் நோயின்றி இருந்தவர்கள் 70.9 சதவீதம், பழைய 5-எஃப்.யூ. மட்டும் என்றால் 66.5. வித்தியாசம் நாலு, அல்லது ஏழு. நூறு பேரை ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தால் அது சின்ன எண் அல்ல.

அப்படியென்றால் பிளாட்டினம் வேண்டும், ஆனால் எவ்வளவு? இரண்டாவது வழியின் பதில் இங்கேதான் இருக்கிறது. 12 நாடுகளில் நடந்த ஆறு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 12,834 பேரின் கணக்கை 2018-ல் வெளியிட்டார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: ஆறு மாதம் வேண்டுமா, மூன்று மாதம் போதுமா? மொத்தமாகப் பார்த்தால் மூன்று வருஷம் நோயின்றி இருந்தவர்கள், மூன்று மாதக்காரர்களில் 74.6 சதவீதம், ஆறு மாதக்காரர்களில் 75.5. ‘மூன்று மாதம் எல்லாருக்கும் போதும்’ என்று முத்திரை குத்த அந்த ஆய்வு விதிப்படி முடியவில்லை. ஃபால்ஃபாக்ஸில் குறைத்தபோது கொஞ்சம் இழப்பு தெரிந்தது, கேப்பாக்ஸில் தெரியவில்லை. கட்டி டி3-க்குள்ளும், பாதித்த நெறிக்கட்டி மூன்றுக்குள்ளும் இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தால் 83.1-க்கு 83.3. அம்மா நிற்பது இந்த வரிசையில். பாதித்த நெறிக்கட்டி நாலோ அதற்கு மேலோ இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். அவர்களுக்கு ஆறு மாதம் பற்றி டாக்டரிடம் உட்கார்ந்து பேசுவதே நியாயம்.

விரல் கணக்கு இன்னும் தெளிவு. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் தருகிற அளவுக்கு நரம்புப் பாதிப்பு, மூன்று மாதக் கேப்பாக்ஸில் 100-க்கு 14 பேருக்கு. ஆறு மாதத்தில் 45 பேருக்கு. காரணம் கூட்டல் கணக்குதான். ஒரு சைக்கிளுக்குச் சதுர மீட்டருக்கு 130 மி.கி. என்றால் நாலு சைக்கிளில் 520. ஃபால்ஃபாக்ஸில் 85 மி.கி. வீதம் 12 தடவை, 1,020. மொத்தம் 800-ஐ நெருங்கும்போதுதான் கடுமையான நரம்புத் தொல்லை பத்துப் பதினைந்து சதவீதம் பேரைப் பிடிக்கிறது. 520-ல் நின்றுவிட்டால் மலை உச்சிக்கு முன்பே இறங்கிவிடுகிறோம்.

அண்ணன் கடைசி வரை, “பாதி மருந்துக்கு முழுப் பலனா?” என்று முனகிக்கொண்டிருந்தான். பணத்துக்காகக் குறைக்கிறோமோ என்றுகூட ஒரு சந்தேகம் அவனுக்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் பணம் இந்த முடிவில் தலையிடவே இல்லை. அவனைச் சம்மதிக்க வைத்தது புள்ளிவிவரமும் இல்லை. அம்மாதான். “ஏப்பா, மூணு மாசமும் ஆறு மாசமும் ஒண்ணுன்னு அந்தப் பெரிய டாக்டருங்களே சொல்லயில, வெரலக் கொண்டுபோய் ஏன் குடுக்கச் சொல்ற?”

பங்குனியில் தொடங்கினோம். கோடையில் வந்தது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் ஆக்சாலிபிளாட்டினுக்கு இன்னொரு நரம்புச் சேட்டை உண்டு, அது முதல் நாளே வரும். கழன்று விழுகிற ஆக்சலேட் துண்டு நரம்பில் கால்சியத்தையும் சோடியம் வாசல்களையும் குழப்பிவிடுவதால், சில்லென்று எதைத் தொட்டாலும் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். சில்லென்று குடித்தால் தொண்டை அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு பீதி. சில நாளில் போய்விடும், அடுத்த ஊசிக்கு மறுபடி வரும்.

முதல் ஊசி அன்று கவனித்தேன், மருந்தைச் சலைனில் கலக்காமல் குளுக்கோஸ் தண்ணீரில் கலந்தார்கள். உப்பில் உள்ள குளோரைடு அந்த ஆக்சலேட்டை முன்கூட்டியே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும் என்பதால்தான். 190 மி.கி. மருந்து, இரண்டு மணி நேரம் இறங்கியது. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்தவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். வீட்டில் எவர்சில்வர் சொம்பு, குழாய்த் தண்ணீர், ஈர நார், எல்லாம் எதிரி. பூ ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் வந்தால் அண்ணிதான் அள்ளிப்போடுவாள். நாரை வெந்நீரில் நனைத்தோம். கொஞ்சம் சீக்கிரம் கறுத்தது, விற்பனைக்குப் பாதகமில்லை. ஊசி போட்ட ஐந்து நாள் கட்டவே வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். சித்திரைத் திருவிழா இரண்டாவது சைக்கிளுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வந்தது. பந்தலில் ஐஸ் போட்ட நீர்மோரை நீட்டியவரிடம் அம்மா, “எனக்கு வெந்நி இருக்கா தம்பி” என்று கேட்டாள். கத்திரி வெயிலுக்கு முந்தின வாரம். அந்தப் பையன் முழித்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

உள்ளங்கை மூன்றாவது சைக்கிளில் சிவந்தது. 2024-ல் டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் ஒன்றைக் காட்டியிருந்தார்கள்: மூட்டுவலிக்குத் தடவுகிற சாதாரண டைக்ளோஃபெனாக் ஜெல்லை உள்ளங்கையில் தினம் இரண்டு வேளை தடவினால், தொந்தரவு தருகிற அளவு கை உரிதல் 15 சதவீதத்தில் இருந்து 3.8 ஆகக் குறைகிறது. கேட்டதும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் எங்கும் கிடைக்கிற டியூப். தடையாக வந்தது வேறொன்று. “மருந்துக் கையோட சாமிக்குப் பூக் கட்டக் கூடாது” என்று அம்மா பகலில் தடவ மறுத்துவிட்டாள். ராத்திரி ஒரு வேளை மட்டும். அதனால்தானோ என்னவோ, கொஞ்சம் உரியத்தான் செய்தது. கையோடு ரேகையும் போனது. ரேஷன் கடை மெஷினில் கட்டைவிரலை மூன்று தடவை வைத்தும் ஏற்கவில்லை. அண்ணி போய் ரேகை வைத்து அரிசி வாங்கி வந்தாள். மாத்திரை முடிந்து ஒன்றரை மாதத்தில் அதே மெஷின் அம்மாவின் விரலை முதல் தடவையிலேயே ஏற்றது. தோல் திரும்பும் என்று சொன்னேன் அல்லவா.

நரம்பு அவ்வளவு சுலபமாக விடவில்லை. நாலாவது ஊசி முடிந்தபோது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் லேசான மரமரப்பு மட்டும் இருந்தது. முடிந்தது என்று நாங்கள் மூச்சு விட்ட பிறகு, ஆடி மாதம் வரைக்கும் அது கூடிக்கொண்டே போனது. இப்படி ஏறும் என்று முன்பே தெரிந்திருந்ததால் பயப்படவில்லை. தெரியாமல் இருந்திருந்தால் மருந்து மிச்சம் இருக்கிறதோ, நோய் திரும்பிவிட்டதோ என்று ஓடியிருப்போம். இதைத் தடுக்கக் கால்சியம், மெக்னீசியம் ஏற்றுவதில் பலனில்லை என்று ஆய்வே சொல்லிவிட்டது. வலி இருந்தால் டுலோக்ஸெட்டின் என்ற மருந்து ஓரளவு உதவும், வெறும் மரமரப்புக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. புரட்டாசிக்குப் பிறகு மெல்ல இறங்கியது.

இப்போது தை. முகூர்த்த நாளுக்குச் சரம் கேட்டு ஆள் வருகிறார்கள், பனியில் பூ வரத்து குறைவு, விலை ஏறிக் கிடக்கிறது. அம்மா கட்டுகிறாள். பழைய வேகத்தில் முக்கால் வாசி இருக்கும். கட்டைவிரல் நுனி இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. மொட்டுக் காம்பின் சிறு கோணல் அதற்குப் புரிவதில்லை. அதனால் கையைப் பார்த்துக்கொண்டே கட்ட வேண்டியிருக்கிறது. டி.வி. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சீரியலை இப்போது காதால்தான் பார்க்கிறாள். யாராவது சண்டை போட்டால் மட்டும் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிமிர்கிறாள்.